பேனலுக்குள் இருக்கும் சிம் கார்டு யாருடையது?

கேள்வி: பெருந்துறை பக்கம் சாயப்பட்டறை நடத்துகிறோம். ஆர்.ஓ. பிளான்ட்டுக்குப் போன வருடம் புது கண்ட்ரோல் பேனல் போட்டவர், உள்ளே ஒரு 4ஜி ரவுட்டரை வைத்துவிட்டு, "இனி மொபைலிலேயே பார்க்கலாம், ரிப்பேர் வந்தால் நானும் இருந்த இடத்திலிருந்தே சரி செய்துவிடுவேன்" என்றார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஃப்ளோ மீட்டர் ரீடிங் அனுப்பும் லாகரும் அதே ரவுட்டரில்தான் ஓடுகிறது. இப்போது கம்ப்யூட்டர் சப்ளை செய்பவர், "இது ஆபத்து, 3 லட்ச ரூபாய்க்கு ஃபயர்வால் போடுங்கள்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: ஆபத்து என்றது சரி. ஃபயர்வாலுக்கு அவசரப்படாதீர்கள். அவர் அதை ஆபீஸ் இன்டர்நெட் லைனில் மாட்டுவார். உங்கள் பேனல் ரவுட்டரோ நேராக செல்போன் டவரோடு பேசுகிறது, ஆபீஸ் பக்கமே வருவதில்லை. 3 லட்சம் கொடுத்த பிறகும் பேனல் இன்று இருக்கிற மாதிரியேதான் இருக்கும்.

முதலில் பேனல் கதவைத் திறந்து அந்த ரவுட்டரில் இருக்கும் சிம் யார் பெயரில் இருக்கிறது, ரீசார்ஜ் யார் செய்கிறார் என்று பாருங்கள். பேனல்காரர் பெயரில் இருந்தால், உங்கள் பிளான்ட்டுக்கு வரும் வழி அவர் கையில் இருக்கிறது. அடுத்து, அது ஸ்டாட்டிக் ஐபி சிம்மா, அதாவது இன்டர்நெட்டில் மாறாத முகவரி உள்ள சிம்மா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், 'போர்ட் பார்வர்டிங்' (வெளியிலிருந்து வருபவரை ரவுட்டர் நேரே உள்ளே இருக்கும் கருவிக்கு அனுப்பும் ஏற்பாடு) போட்டு, பம்ப்புகளை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவியான பிஎல்சியை நேரே இன்டர்நெட்டில் திறந்துவைத்திருக்க நிறையவே வாய்ப்பு.

திறந்திருந்தால் என்ன ஆகிவிடும்? ஆலைகளில் பல கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழியான மோட்பஸ் 1979-இல் வந்தது. அதில் பாஸ்வேர்டு என்ற ஒன்றே கிடையாது. மோட்பஸ் நுழையும் வாசலான 502-ஆம் போர்ட்டை எட்டிப் பிடித்தவர் யாராக இருந்தாலும், "பம்ப்பை நிறுத்து" என்றால் பிஎல்சி நிறுத்திவிடும். இப்படித் திறந்து கிடப்பவற்றைத் தேடி வரிசைப்படுத்தித் தரவே ஷோடான் என்ற தேடுதளம் 2009 முதல் இருக்கிறது.

"நம்ம பட்டறையை எவன் சார் தேடி வரப்போறான்" என்பார் பேனல்காரர். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்ற சிறிய ஊரின் குடிநீர் பம்ப் நிலையத்தில் திரையோடு சேர்ந்த யுனிட்ரானிக்ஸ் பிஎல்சி ஒன்றை ஹேக்கர்கள் கைப்பற்றி, திரையில் இஸ்ரேலுக்கு எதிரான மிரட்டல் வாசகம் ஓடவிட்டார்கள். ஆட்கள் போய் பம்ப்பை மேனுவலுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்த ஊரின் மேல் யாருக்கும் பகை இல்லை. பிஎல்சி இஸ்ரேல் தயாரிப்பு, இன்டர்நெட்டில் திறந்து கிடந்தது, அவ்வளவுதான் காரணம். அந்த வகை பிஎல்சி கம்பெனியிலிருந்து வரும்போது அப்போது பாஸ்வேர்டு 1111 என்றே இருந்தது. மாற்றாமலே ஓட்டிய இடங்கள்தான் அந்த வாரங்களில் மாட்டின.

இதற்குச் சில நூறு ரூபாய் வைத்தியம் போதும். ரவுட்டருக்குப் போகும் 24 வோல்ட் சப்ளையை, பேனல் கதவில் சாவி போட்ட ஒரு செலக்டர் ஸ்விட்ச் வழியாகக் கொடுங்கள். பக்கத்தில் ஒரு சிவப்பு லாம்ப். பேனல்காரர் போன் செய்து காரணம் சொன்னால் உங்கள் எலக்ட்ரீசியன் சாவியைத் திருப்புவார். வேலை முடிந்ததும் அணைப்பார். மொபைலில் பிளான்ட் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

"ஆனால் லாகர் 24 மணி நேரமும் ஓட வேண்டுமே" என்பீர்கள். நியாயம்தான், லாகரை நிறுத்தினால் வாரியத்திலிருந்து நோட்டீஸ் வரும். அதனால் லாகருக்குத் தனி மோடம், தனி சிம் போடுங்கள். அது டேட்டாவை வெளியே அனுப்பினால் போதும், பிஎல்சியோடு அதற்குப் பேச்சே வேண்டாம். ரீடிங்கை எண்ணாகவே அனுப்பும் மீட்டரின் ஆர்எஸ்-485 ஒயர் லாகருக்கு மட்டும் போகட்டும். பிஎல்சிக்கு அதே மீட்டரின் 4-20 மில்லிஆம்ப் அவுட்புட்டை, அதாவது ஓட்டத்தைக் கரண்ட் அளவாகக் காட்டும் ஒயரைக் கொடுங்கள். லாகருக்கும் பிஎல்சிக்கும் நடுவில் நெட்வொர்க் கேபிள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்: லாகர் 4-20-ஐக் கணக்குப் போட்டுக் கூட்டினால், அதன் மொத்தமும் மீட்டர் டிஸ்பிளேயின் மொத்தமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். ஆய்வுக்கு வருபவரிடம் அதற்கு யார் பதில் சொல்வது? பிஎல்சிக்கு அந்தச் சிறு வித்தியாசம் பொருட்டே இல்லை.

ஆய்வுக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள். எர்த் பிட், தீயணைப்பான், ரெஜிஸ்டர் எல்லாம் பார்க்கிறார்கள். அந்த ரவுட்டர் எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் ஏதாவது நடந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு மட்டும் வந்தது. இதைப் பட்டறைக்காரர்களுக்கு யார் சொன்னார்கள்?

சரி, நான் ஹேக்கரைவிட அதிகம் பயப்படுவது டைம் லாக்குக்கு. சில பேனல்காரர்கள் ப்ரோகிராமுக்குள் ஒரு தேதியை ஒளித்து வைப்பார்கள். பில் பாக்கி என்றாலோ ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கவில்லை என்றாலோ அன்று காலை பிளான்ட் நிற்கும். திரையில் புரியாத ஒரு ஃபால்ட் நம்பர் வரும். போன் செய்தால், "கார்டு போயிருக்கும், பார்க்கிறேன்" என்பார். பணம் போனதும் சிம் வழியாக உள்ளே வந்து தேதியைத் தள்ளிவைப்பார். ரவுட்டர் வேண்டும் என்று சிலர் அடம் பிடிப்பது இதற்காகவும்தான்.

ஆகவே கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு ப்ரோகிராமைக் கேளுங்கள். பென் டிரைவில் பிடிஎஃப் கொடுத்து "இதான் சார் ப்ரோகிராம்" என்பார்கள், அது வெறும் படம். கமெண்டுகளோடு கூடிய ப்ராஜெக்ட் ஃபைலும், பிஎல்சி, எச்எம்ஐ (பேனல் திரை), ரவுட்டர் மூன்றின் பாஸ்வேர்டுகளும் வேண்டும். ஃபைலை உங்கள் முன்னால் லேப்டாப்பில் திறந்து, பிஎல்சியில் ஓடுவதோடு ஆன்லைனில் ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பழைய வெர்ஷனைத் தள்ளிவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும். டைம் லாக் இல்லை என்று அடுத்த பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஒரு வரி எழுதுங்கள்.

அப்புறம், அவர்கள் கொண்டுவரும் லேப்டாப்பும் பென் டிரைவும். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகள் வைரஸால் நின்றது, புதிதாக வந்த ஒரு மெஷினைச் சோதிக்காமல் நெட்வொர்க்கில் சேர்த்ததால்தான். சர்வீசுக்கு ஆலையிலேயே ஒரு லேப்டாப் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 3 லட்ச ரூபாய் ஃபயர்வால் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு வேண்டுமானால் உதவும், விலை பேசி வாங்குங்கள். ஆபீஸ் ஸ்விட்சிலிருந்து பேனலுக்கு ஏதாவது லேன் கேபிள் ஓடுகிறதா என்று மட்டும் இன்றைக்கே பாருங்கள். இருந்தால் கழற்றிவிட்டு, யார் போட்டது என்று அப்புறம் விசாரிக்கலாம்.