துணைக்கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

தீரர் சத்தியமூர்த்தியைப் பற்றிப் படித்து வருகிறேன். வாழ்நாள் முழுக்க எதிர்வரிசை. 1937இல் காங்கிரஸ் ஜெயித்தபோது பதவி ராஜாஜிக்குப் போனது. சீடர் காமராஜர்கூட பிறகு முதல்வரானார். இவரைத் தோற்றுப்போன தலைவர் என்று சொல்லலாமா? ராஜாஜி செய்தது நியாயமா?

கா.

அன்புள்ள கா,

ராஜாஜி விவகாரத்தை விடுங்கள். பட்டதாரிகள் ஓட்டுப் போடும் பல்கலைக்கழகத் தொகுதியை அவருக்கு விட்டுக்கொடுத்ததே சத்தியமூர்த்திதான். மனக்கசப்பு இருந்திருக்கும். அதை இன்னும் எத்தனை காலம் மெல்வது?

‘தோற்றுப்போன’ என்றீர்களே, அதுதான் உறுத்துகிறது. நாற்காலியை வைத்து ஆளை அளக்க உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 1934 தேர்தலில் நீதிக்கட்சியின் ஆற்காடு ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து டெல்லியிலிருந்த மத்திய சட்டசபைக்குப் போன மனிதர் அவர். அங்கே புலாபாய் தேசாய் கட்சித் தலைவர், இவர் துணைத்தலைவர். மேடைப் பேச்சைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். நான் அவருடைய துணைக்கேள்விகளைச் சொல்வேன். முதல் கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அரசுத் தரப்பும் பதிலை எழுதி வைத்துக்கொண்டு வாசித்துவிடும். துணைக்கேள்வி அப்படியில்லை. வாசித்த பதிலில் ஓட்டை எங்கே என்று அந்த நிமிஷமே பிடிக்க வேண்டும். தொண்டை மட்டும் இருந்தால் நடக்காது, விஷயத்தைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும்.

அதற்காக அவரைக் கும்பிடச் சொல்லவில்லை. தேவதாசி ஒழிப்பில் முத்துலட்சுமி ரெட்டியை எதிர்த்து நின்றவரும் இவர்தான். அதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது.

சரி, பதவிதான் வேண்டும் என்றால் 1939இல் சென்னை மேயர். ஒரே வருடம். அதற்குள் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வேலை தொடங்க வைத்தார். 1944இல் அது முடிந்தபோது அவர் இல்லை. சிறையில் உடம்பு கெட்டு, முந்தைய வருடம் மார்ச்சில் போய்விட்டார்.

தண்ணீர் என்றதும் அப்பா ஞாபகம் வருகிறது. எங்கள் ஊர்த் தொட்டியில் மோட்டார் எரிந்து நாலு மாதம். ஊர்க் கூட்டத்தில் கேட்டதற்கு, ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று அதிகாரி வாசித்தார். எல்லோரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அப்பா மட்டும் உட்கார்ந்தபடியே, “யார் எடுக்கிறார்கள்? எந்தத் தேதியிலிருந்து?” என்றார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் கட்டுக் கட்டாகக் காகிதத்தோடு வந்தார். அப்பாவும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார்.