பாலடினின் சத்தியம் முறிந்தால் சேமித்து வைத்த பழைய நிலையை லோட் செய்யலாமா?

காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார்: "பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டில் டிவோஷன் (பக்தி) சத்தியம் ஏற்ற பாலடினாக, அதாவது தான் ஏற்ற சத்தியத்தால் ஆற்றல் பெறும் வீரனாக, ஆடுகிறேன். கூண்டில் சிக்கியிருந்த லேசெல் என்ற போர்வீராங்கனையை விடுவிப்பதற்காக, அருகில் நின்ற டீஃப்ளிங் என்னும் கொம்புள்ள இனத்தவர் இருவரைத் தாக்கினேன். உடனே சத்தியம் முறிந்துவிட்டது. நல்லது செய்யப் போனவனுக்கு ஏன் இந்தத் தண்டனை? சேமித்து வைத்த பழைய நிலையை லோட் செய்து சரிசெய்துவிடலாமா?"

லோட் செய்ய வேண்டாம் என்பதே என் ஆலோசனை. விளையாட்டு உங்கள் நோக்கத்தை அளக்கவில்லை. உங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யாத இருவர்மீது முதலில் வாளை ஓங்கியவர் நீங்கள் என்பதை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டது. அவர்கள் லேசெலைக் கண்டு அஞ்சியவர்களே தவிர, கொடியவர்கள் அல்லர். அவர்களைப் பேசி அனுப்பிவிட்டுக் கூண்டைத் திறக்கும் வழியும் அதே உரையாடலில் இருந்தது.

நம் வட ஆர்க்காட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவையொட்டி நடக்கும் பாரதக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. அசுவத்தாமன் இறந்தான் என்று துரோணரிடம் பாதி உண்மையைச் சொன்ன கணத்தில், அதுவரை மண்ணைத் தொடாமல் ஓடிய தருமரின் தேர் தரையில் இறங்கிவிடுகிறது. அந்தச் சொல்லால் போரில் ஆதாயம் கிடைத்தது உண்மை. ஆனாலும் இறங்கிய தேர் இறங்கியதுதான். பாலடினாக ஆடுவதன் சுவை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சத்தியம் முறிந்தபின் உங்கள் முகாமுக்கு ஒரு கருங்கவச வீரர் வருவார். சத்தியம் முறித்தவர்களுக்குரிய ஆற்றல்களை நீங்கள் ஏற்கலாம்; அல்லது 1000 பொற்காசுகள் செலுத்திப் பழைய சத்தியத்தை மீட்கலாம். பணத்தைக் கொடுத்ததும் எல்லாம் தீர்ந்துபோவது எனக்கு உவப்பானதாக இல்லை. ஆகவே சிறிது காலம் சத்தியம் இழந்தவராகவே ஆடுங்கள். நீங்கள் தாக்கிய இருவரும் எல்டுரெல் நகரிலிருந்து அகதிகளாக வந்த கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்; அந்தக் கூட்டம் தங்கியிருக்கும் சோலையைக் காப்ளின்கள் என்னும் பூதக் கூட்டத்திடமிருந்து காத்து, எஞ்சியவர்களைப் பாதுகாப்பாக வழியனுப்பிவைத்த பிறகு அந்த வீரரிடம் சென்று பணத்தைக் கொடுத்தால், உங்கள் பாத்திரத்தின் கழுவாய்க்கு ஒரு பொருள் இருக்கும்.

பால்டர்ஸ் கேட் 3-க்கு அடிப்படையான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டில் பாலடின் 1975-இல் அறிமுகமானபோது, ஒழுங்கின் பக்கம் நிற்பவராக மட்டுமே இருக்க முடிந்தது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, அந்தக் கட்டாயம் ஏதுமின்றி, ஒவ்வொரு பாலடினும் ஏற்கும் சத்தியத்தையே அளவுகோலாக்கியது. பால்டர்ஸ் கேட் 3 அதைப் பின்பற்றுகிறது. டிவோஷன் சத்தியத்தில் இரக்கம் கடமை. வெஞ்சன்ஸ் (பழிவாங்கல்) சத்தியத்திலோ தீயவனைத் தப்பவிடுவதே குற்றமாகலாம். பாத்திரத்தை உருவாக்கும்போதே, எதை இழந்தாலும் எதைச் செய்யமாட்டேன் என்று இரண்டு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அடுத்த ஆட்டத்துக்கு 1985-இல் வெளிவந்த அல்டிமா 4 என்ற கணினி விளையாட்டைப் பரிந்துரைக்கிறேன். அதில் பார்வையற்ற ஒரு பெண் மந்திர மூலிகைகளை விற்கிறார். எவ்வளவு காசு வைக்கிறீர்கள் என்பது உங்கள் மனச்சாட்சிக்கு விடப்படுகிறது. குறைத்துக் கொடுத்தாலும் பொருள் கையில் வந்துவிடும், யாரும் கண்டிக்கமாட்டார்கள். ஆனால் உங்கள் நற்பண்புக் கணக்கு மறைவாகக் குறைந்துகொண்டே போகும். உடனே அறிவிக்கப்படும் தண்டனையைவிட இந்த அமைப்பு எனக்கு நுட்பமானதாகப் படுகிறது.

லோட் செய்வதை நான் ஏற்கும் சூழலும் உண்டு. கை தவறி வேறொருவரைச் சொடுக்கித் தாக்கிவிட்டாலோ, திரையில் படித்த பதில் ஒன்றாகவும் பாத்திரம் செய்தது வேறொன்றாகவும் இருந்தாலோ, அது உங்கள் முடிவே அன்று. அப்போது தயங்காமல் லோட் செய்யுங்கள்.