நாலு சீட்டையும் ஒரே டாக்டரிடம் கொடுங்கள்

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 61 வயது, முப்பது வருஷமாக விசைத்தறி ஓட்டுகிறார். ஐந்து மாதமாக நடுமுதுகில் வலி. போன மாதம் பாவு பீமை (தறியில் நூல் சுற்றிய உருளை) கொஞ்சம் நகர்த்தியதற்கே விலா எலும்பில் விரிசல். ரத்தம் 8.6தான் இருக்கிறது, இரண்டு மாதம் சத்து மாத்திரை போட்டும் ஏறவில்லை. சொந்தத்தில் ஒருவருக்கு எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் இப்படித்தான் ஆரம்பித்தது என்று அத்தை சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அப்பாவோ, "தறிக்காரனுக்கு முதுகு வலிக்காம வேற யாருக்கு வலிக்கும்?" என்கிறார்.

பதில்: அம்மிணி, அப்பா சொல்வது பாதி நிஜம். முதுகு வலி மட்டும் என்று எழுதியிருந்தால் நானும் தைலம், ஓய்வு என்றுதான் சொல்லியிருப்பேன். என்னை நிறுத்தியது அந்த விலா எலும்பு. பீமை லேசாக நகர்த்தியதற்கெல்லாம் நல்ல எலும்பு விரிசல் விடாது. கூடவே ரத்தமும் ஏறவில்லை என்றால், இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அத்தை சொன்ன நோய் மல்டிபிள் மைலோமாவாக இருக்கலாம். நோயை எதிர்க்கும் புரதத்தைச் செய்கிற பிளாஸ்மா செல்கள் மஜ்ஜையில் உண்டு. அதில் ஒரே வகை கட்டுக்கடங்காமல் பெருகினால், மஞ்சள் காட்டில் கோரை புகுந்த கதைதான். சிவப்பணு வளர இடமில்லாமல் போகும், எலும்பு அரித்துப்போகும். அரித்த எலும்பின் கால்சியம் ரத்தத்தில் சேர்ந்து தாகம், மலச்சிக்கல், சில சமயம் பேச்சில் தடுமாற்றம்கூட வரும். அந்தச் செல்கள் கொட்டுகிற உதவாத புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். சளியும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வரும்.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு டாக்டரிடம் போகிறோம். முதுகுக்கு எலும்பு டாக்டர், ரத்தத்துக்குப் பக்கத்து கிளினிக், தாகம் என்றால் 'சுகராக இருக்கும்' என்று லேபில் ஒரு டெஸ்ட். நாலு சீட்டும் நாலு பையில் கிடக்கும். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரே பொது மருத்துவரிடம் போங்கள்.

அவரிடம் கேட்க வேண்டியவை: ரத்த எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் அளவு), கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), கால்சியம், அப்புறம் மொத்தப் புரதமும் ஆல்புமினும். கடைசி இரண்டும் சாதாரண லேபிலேயே பார்க்கலாம். மொத்தத்தில் ஆல்புமினைக் கழித்தால் வருவது குளோபுலின். அது ஆல்புமினையே தாண்டி நின்றால் ரத்தத்தின் புரதங்களை வகை பிரித்துக் காட்டும் புரத எலக்ட்ரோபோரெசிஸ் எடுக்கச் சொல்வார். சிலருக்கு இதிலும் பிடிபடாது, அந்தப் புரதத்தின் சிறு துண்டுகளை ரத்தத்தில் அளக்கும் ஃப்ரீ லைட் செயின் என்ற டெஸ்ட்தான் காட்டும். சிறுநீரில் பட்டை நனைத்துப் பார்த்து 'நார்மல்' என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். அந்தப் பட்டை பெரும்பாலும் ஆல்புமினைத்தான் காட்டும், இந்த நோயின் புரதத்தைத் தவறவிடும். முடிவாகச் சொல்வது இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுக்கும் மஜ்ஜைப் பரிசோதனை.

இத்தனை சொன்னதால் அப்பாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. முதுகெலும்பில் வரும் காசநோயும் நாள்பட்ட வலியைத் தந்து ஈ.எஸ்.ஆரை ஏற்றிவிடும். வயிற்றில் சிறுகச் சிறுக ரத்தம் கசிந்தாலும் ஹீமோகுளோபின் ஏறாது. மைலோமாவாகவே இருந்தாலும் முன்காலம் போல இல்லை. போர்டெசோமிப், லெனலிடோமைடு மருந்துகளாலும், உடம்புக்கு ஒத்துவந்தால் அவருடைய ஸ்டெம் செல்லையே (ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்) எடுத்துத் திரும்ப ஏற்றும் சிகிச்சையாலும் பலர் வருஷக்கணக்கில் நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு விஷயம் இன்றைக்கே செய்யுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரையை நிறுத்துங்கள், சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தால் அது கவிழ்த்துவிடும். முதுகை நீவிவிடுவது, சொடக்கு எடுப்பது, கட்டுக்கட்டும் வைத்தியம் எதுவும் வேண்டாம்.

கால் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் தெரியாமல் போனாலோ, அல்லது போகவே முடியாமல் அடைத்தாலோ, பொழுது விடியட்டும் என்று இருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். அந்த ராத்திரியே வண்டி பிடித்து எம்.ஆர்.ஐ. வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்பாவிடம் புற்றுநோய் என்ற பேச்சை இப்போது எடுக்க வேண்டாம். "விலா எலும்பு ஏன் விரிந்ததுன்னு பாத்துட்டு வந்துரலாங்கப்பா" என்று கூப்பிடுங்கள், வருவார். ரிசல்ட் வந்ததும் எண்களை எழுதி அனுப்புங்கள்.