‘கிரெடிட் போட்டிருக்கிறேனே!’: பதிப்புரிமை, காப்புரிமை, அறிவியல் செய்திகள் – கேள்வி பதில்

கேள்வி: நானே பாடிய தியாகராஜர் கிருதியை யூடியூபில் ஏற்றினேன். ஓர் இசை நிறுவனம் உரிமை கோருவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. 1847-இல் மறைந்தவரின் பாட்டுக்கு இன்று யார் சொந்தக்காரர்? சேனல் போய்விடுமா?

பதில்: கிருதிக்கு எவரும் சொந்தக்காரர் இல்லை. ஆனால் ஒரு வித்வான் அதைப் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள் நீடிக்கும். யூடியூபின் ‘கன்டென்ட் ஐடி’ நிறுவனங்கள் கொடுத்த ஒலித்தடங்களோடு உங்கள் வீடியோவை ஒப்பிடுகிறது. அதே மெட்டு, அதே சுருதி, அதே காலப்பிரமாணம் இருந்தால் உங்கள் குரலை அந்த வித்வானின் பதிவு என்றே எடுத்துக்கொள்ளக்கூடும்.

வந்திருப்பது ‘கிளெய்ம்’ தானா, ‘ஸ்ட்ரைக்’கா என்று முதலில் பாருங்கள். கிளெய்ம் என்றால் விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகும், அல்லது வீடியோ முடக்கப்படும். சேனலுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்ட்ரைக் என்பது சட்டப்படி நீக்கச் சொன்னதன் விளைவு. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போகலாம். உங்களுக்கு வந்திருப்பது அநேகமாக முதல் வகை.

யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் கட்டுப்பாடுகள் பகுதியைத் திறந்தால் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று காட்டும். அங்கேயே மறுப்புத் தெரிவிக்கலாம். ஐந்து நாளுக்குள் மறுத்தால் முதல் நாள் வருமானத்திலிருந்தே யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள். தாமதித்தால் மறுத்த நாளிலிருந்துதான். எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். பதில் இல்லையென்றால் கிளெய்ம் விழுந்துவிடும். அவர்கள் மறுப்பை நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு 7 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டத்தில் அவர்கள் நீக்கக் கோரிக்கை அனுப்பினால் அது ஸ்ட்ரைக் ஆகிவிடும். ஆகவே பக்கவாத்தியம் உட்பட எல்லாம் உங்கள் பதிவு என்றால் மட்டும் மேல்முறையீட்டுக்குப் போங்கள். யாரோ வெளியிட்ட கரோக்கி தடத்தின் மேல் பாடியிருந்தால் அந்தத் தடம் அவர்களுடையது, மறுக்க வேண்டாம்.

மறுப்பில் உருக்கமாக எழுதத் தேவையில்லை. “பாடியது நான். வயலின், மிருதங்கம் வாசித்தவர்களின் ஒப்புதல் இருக்கிறது. வேறு எந்த ஒலிப்பதிவும் சேர்க்கவில்லை. கிருதி இயற்றியவர் தியாகராஜர், மறைவு 1847.” இந்த நான்கு வரி போதும்.

கேள்வி: சினிமாப் பாட்டு 7 வினாடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லையாமே? டிஸ்கிரிப்ஷனில் கிரெடிட்டும் போட்டிருக்கிறேன்.

பதில்: 7 வினாடி, 10 வினாடி, 30 வினாடி என்று எந்த விதியும் எந்தச் சட்டத்திலும் கிடையாது. கிரெடிட் போடுவது நல்ல பழக்கம், ஆனால் அது அனுமதி ஆகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52 விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் சொந்த ஆய்வுக்கும் நியாயமான அளவு எடுத்தாள இடம் தருகிறது. பாட்டைப் பற்றிப் பேசுவதற்காகப் பாட்டை ஒலிக்கவிட்டால் அந்த வாதத்துக்கு வலு உண்டு. சமையல் வீடியோவுக்குப் பின்னணியாக ஓடவிட்டால் இல்லை.

கேள்வி: நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளரின் கதைகளை ஒலிநூலாக்கத் தொடங்கினேன். “இது எங்கள் பதிப்பு” என்று ஒரு பதிப்பகம் எச்சரிக்கிறது.

பதில்: கதை பொதுச்சொத்து. அந்தப் பதிப்பில் சேர்ந்திருக்கும் முன்னுரை, அடிக்குறிப்பு, சொற்பொருள், அட்டை ஓவியம் ஆகியவை எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் உரியவை. பழைய பதிப்பிலிருந்தோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள வருடிய (ஸ்கேன் செய்த) பிரதியிலிருந்தோ கதையை எடுத்துப் படியுங்கள், பேச்சே முடிந்துவிடும். பிற்காலப் பதிப்பாசிரியர் ஒருவர் பல பிரதிகளை ஒப்பிட்டு உழைத்து உருவாக்கிய செம்பதிப்பைப் பயன்படுத்துவதாக இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதே முறை என்பது என் கருத்து.

நாட்டுடைமை ஆகாதவர்களுக்குக் கணக்கு எளிது: மறைந்த ஆண்டோடு 60-ஐக் கூட்டுங்கள், அந்த ஆண்டின் டிசம்பர் 31-உடன் உரிமை முடியும். 1964-இல் மறைந்தவர் என்றால் 2024 முடிவில். முன்பு இது 50 ஆண்டுகளாகத்தான் இருந்தது. 1941-இல் மறைந்த தாகூரின் படைப்புகள் 1991 முடிவில் விடுபடவிருந்த நேரத்தில் 60 ஆக்கினார்கள். ஒருவருக்காக நீட்டியது, தமிழ் எழுத்தாளர்கள் எல்லோருக்கும் பத்தாண்டு நீட்டியது.

கணக்குத் தவறுகிற இடம் ஒன்று உண்டு. ஆசிரியர் மறைந்தபின் முதன்முதலாக அச்சேறிய கடிதங்கள், நாட்குறிப்புகளுக்கு 60 ஆண்டு என்பது வெளியான ஆண்டிலிருந்து. மொழிபெயர்ப்புக்கோ மொழிபெயர்ப்பாளரின் மறைவிலிருந்து தனிக்கணக்கு.

கேள்வி: என் கட்டுரையை ஒரு தளம் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது. எப்படி நீக்க வைப்பது?

பதில்: இரண்டு வழி. 2013-ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளின் 75-ஆவது விதிப்படி அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்திருக்கும் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் தரலாம். புகாரில் குறை இல்லையென்றால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். ஆனால் அந்தத் தடை 21 நாளுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற ஆணையைக் காட்டுவேன் என்று புகாரிலேயே நீங்கள் உறுதி தர வேண்டும்; ஆணை வராவிட்டால் பக்கம் திரும்ப வந்துவிடலாம்.

பக்கம் அமெரிக்க நிறுவனத்தின் சேவையில் இருந்தால் 1998-ஆம் ஆண்டின் டி.எம்.சி.ஏ. (டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம்) படி அறிவிப்பு அனுப்புவது எளிது. முன்கூட்டியே வழக்குக்கு உறுதி தர வேண்டியதில்லை. எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பினால் மட்டுமே 10 முதல் 14 வேலை நாளுக்குள் நீங்கள் வழக்குத் தொடர வேண்டும். இல்லையேல் மறுபடி ஏற்றிவிடுவார்கள்.

புகார்கள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், தளத்தின் முகப்பு முகவரியை மட்டும் கொடுப்பது. நகல் இருக்கும் பக்கத்தின் முழு முகவரி, உங்கள் மூலப் பக்கத்தின் முழு முகவரி, வெளியிட்ட தேதி, கையொப்பம் எல்லாம் வேண்டும். “என் கருத்தைத் திருடிவிட்டார்கள்” என்று எழுதினால் நிற்காது. கருத்துக்கும் தகவலுக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றைச் சொன்ன விதத்துக்கே உண்டு. உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கேள்வி: “இந்த நிறுவனம் மடக்கும் போனுக்குக் காப்புரிமை பெற்றது” என்று செய்தி வருகிறது, போன் மட்டும் வருவதில்லையே?

பதில்: பல நேரங்களில் பெற்றிருக்கவே மாட்டார்கள், விண்ணப்பித்திருப்பார்கள். விண்ணப்பங்கள் 18 மாதத்தில் தாமாகவே வெளியிடப்படும், செய்தியாவது அதுதான். அமெரிக்க ஆவணம் என்றால் எண்ணின் கடைசியைப் பாருங்கள். ‘ஏ1’ என்றால் விண்ணப்பம், ‘பி1’ அல்லது ‘பி2’ என்றால் வழங்கப்பட்டது. பிறகு படங்களை விட்டுவிட்டு, கடைசியில் இருக்கும் உரிமைகோரல்களில் முதலாவதைப் படியுங்கள். படத்தில் முழு போன் இருக்கும், உரிமை ஒரு கீலுக்கு மட்டும் இருக்கும்.

நம் செய்திகளில் காப்புரிமையும் பதிப்புரிமையும் ஒன்றாகக் குழம்புவதால் வீண் சண்டைகள் நடக்கின்றன. கண்டுபிடிப்புக்கு விண்ணப்பித்து, தேர்வில் தேறி, 20 ஆண்டுக்குப் பெறுவது காப்புரிமை. எழுத்து, இசை, ஓவியம், மென்பொருள் நிரல் ஆகியவற்றுக்குப் பதிவே இல்லாமல் பிறப்பது பதிப்புரிமை.

கேள்வி: ஏஐ வரைந்த படத்தை அட்டையில் போட்டோம். இன்னொருவர் அதையே எடுத்துக்கொண்டார். தடுக்க முடியுமா?

பதில்: அமெரிக்காவில் கடினம். மனித ஆசிரியர் இல்லாத படைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று, தன் ஏஐ உருவாக்கிய படத்துக்கு உரிமை கேட்ட ஸ்டீபன் தாலரின் வழக்கில் 2023-இலும் மேல்முறையீட்டில் 2025-இலும் தீர்ப்பானது. இந்தியச் சட்டத்தில் கணினி உருவாக்கும் படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்ற வரி 1994 திருத்தத்திலிருந்து இருக்கிறது. இன்றைய கருவிகளை நினைத்து எழுதியதல்ல, இருந்தாலும் பற்றிக்கொள்ள ஒரு கொம்பு. அட்டையில் எழுத்துருவை அமைத்தது, வண்ணம் மாற்றியது, மேலே கையால் வரைந்தது என நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தின் கோப்பையும் தேதியோடு வைத்திருங்கள்.

கேள்வி: அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று 2023-இல் அவ்வளவு ஆரவாரம் நடந்ததே, என்ன ஆயிற்று? இப்படிச் செய்தி வந்தால் எதைப் பார்த்து நம்புவது?

பதில்: அந்தப் பொருளின் பெயர் எல்.கே.-99. மீக்கடத்தி என்றால் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். 2023 ஜூலை 22 அன்று தென்கொரியக் குழுவினரின் இரண்டு முன்வரைவுகள் ஆர்க்சிவ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தளத்தில் வந்தன. ஈயம், பாஸ்பேட்டு, கொஞ்சம் தாமிரம் சேர்ந்த பொருள், 127 டிகிரி செல்சியஸ் வரை மீக்கடத்தி என்றார்கள். காந்தத்தின் மேல் ஒரு துண்டு பாதி எழும்பி நிற்கும் வீடியோதான் உலகம் முழுக்கச் சுற்றியது.

விடை சில வாரங்களில் கிடைத்துவிட்டது. சுமார் 104 டிகிரியில் மின்தடை சட்டென்று குறைந்ததற்குக் காரணம், தயாரிப்பில் கலந்துவிட்ட தாமிர சல்ஃபைடு. அந்த வெப்பநிலையை ஒட்டி அதன் படிக அமைப்பு மாறுகிறது. பாதி எழும்பியதற்குச் சாதாரண இரும்புக்காந்தத் தன்மையே போதும். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கலப்பில்லாத படிகம் வளர்த்தபோது ஊதா நிறத்தில் ஒளி ஊடுருவும் மின்கடத்தாப் பொருள் கிடைத்தது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் செய்து பார்த்தது, மீக்கடத்தல் இல்லை.

முன்வரைவு என்பது சக அறிஞர்கள் சரிபார்க்காதது. அதனால் பொய் என்று ஆகிவிடாது; ஆனால் செய்தி எழுதுகிறவர் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தே ஆகவேண்டும். மீக்கடத்தி என்றால் இரண்டு சான்று கேளுங்கள்: கருவியின் இரைச்சலுக்கும் கீழே போன மின்தடை, காந்தப்புலத்தை முழுதாக வெளியே தள்ளுவது. இரண்டும் வேறோர் ஆய்வகத்திலும் கிடைக்க வேண்டும். இதழில் வந்துவிட்டாலும் ஆய்வுக்கட்டுரையின் பக்கத்தில் ‘கிராஸ்மார்க்’ பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கட்டுரையைத் திருத்தியிருந்தாலோ திரும்பப் பெற்றிருந்தாலோ அங்கே தெரியும். 2023 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வந்த இன்னொரு அறை வெப்பநிலை மீக்கடத்திக் கட்டுரை அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது.

கேள்வி: மூலக் கட்டுரையைப் படிக்கப் போனால் பணம் கேட்கிறது.

பதில்: கூகுள் ஸ்காலரில் தலைப்பைப் போட்டு, கீழே ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற இணைப்பைத் திறங்கள், ஆசிரியர் தம் பல்கலைக்கழகத் தளத்தில் வைத்த பிரதி பல முறை அகப்படும். உலாவியில் ‘அன்பேவால்’ நீட்சியைச் சேர்த்தால் அதைத் தானாகத் தேடித் தரும். அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இருந்தால், 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் உங்கள் நிறுவனம் இருக்கிறதா என்று நூலகரைக் கேளுங்கள். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அதில் வருகின்றன. எதுவும் கிடைக்காவிட்டால் கட்டுரையின் முதல் பக்கத்தில் உள்ள தொடர்பு ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு மூன்று வரி எழுதுங்கள்: யார் நீங்கள், எந்தக் கட்டுரை, எதற்காக.