கேள்வி – பதில்: ரேடியோ இல்லாத தலைவர்கள்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "பிரிட்டனில் தலைமைத் தீயணைப்பு அதிகாரிகளுக்கென்றே தனியாக ஒரு தேசிய மன்றம் இருக்கிறது." அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. புதிய வாசகர்களுக்காக: நான் இங்கிலாந்தில் ஒரு தீயணைப்புப் பிரிவில் முப்பது வருடம் வேலை செய்து, குரூப் மேனேஜராக ஓய்வு பெற்றவன். அதில் இரண்டு வருடம் எங்கள் சீஃபுக்கு, அதாவது பிரிவின் தலைமைத் தீயணைப்பு அதிகாரிக்கு, ஸ்டாஃப் ஆபீசர். உள்ளபடி சொன்னால், அவருடைய பையைத் தூக்கியவன்.

என் மகனுக்கு 19 வயது. பல்கலைக்கழகம் வேண்டாம், தீயணைப்புப் படையில்தான் சேருவேன் என்று நிற்கிறான். கடைசிவரைக்கும் தண்ணிக் குழாய் பிடிப்பதுதானா, மேலே வர வழி இருக்கிறதா?
— வாசகி, ஈஸ்ட்ஹாம்

தங்கச்சி, குழாய் பிடித்தவர்கள்தான் பெரும்பாலும் சீஃப் ஆகிறார்கள். ராணுவத்தில் அதிகாரி ஒரு வாசலால் வருவார், சிப்பாய் இன்னொரு வாசலால். முந்தி இங்கேயும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. 1861இல் லண்டன் தீயணைப்புக்குத் தலைவராக வந்து முப்பது வருடம் இருந்த ஐர் மாஸி ஷா ராணுவத்தில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் நாடு முழுவதுக்கும் தீயணைப்புத் தலைவராக இருந்தவர் கடற்படை அதிகாரி. அவருடைய குடும்பப் பெயரே ஃபயர்பிரேஸ். நம்ப மாட்டீர்கள், உண்மைதான். போர்க்காலத்தில் ஒன்றாக்கிய படைகள் 1948இல் திரும்ப உள்ளூர் நிர்வாகங்களின் கைக்குப் போயின. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல எல்லாரும் அடியிலிருந்தே ஏறுவது என்பது வழக்கமாகிவிட்டது.

ஏணி இதுதான்: ஃபயர்ஃபைட்டர், குரூ மேனேஜர், வாட்ச் மேனேஜர், ஸ்டேஷன் மேனேஜர், குரூப் மேனேஜர், ஏரியா மேனேஜர், அதற்கு மேல் உதவித் தலைமை, துணைத் தலைமை, கடைசியில் சீஃப். இருபது, இருபத்தைந்து வருடம் எடுப்பது சாதாரணம். ஹெல்மெட்டைப் பார்த்தாலே ஆள் எந்தப் படியில் நிற்கிறார் என்று தெரியும். வாட்ச் மேனேஜர் ஆகும்போது மஞ்சள் ஹெல்மெட் வெள்ளையாகும். மேலே போகப் போக அதில் உள்ள கறுப்புப் பட்டி தடிக்கும். புகைக்குள் ஓடும் நேரத்தில் யார் சொல்லைக் கேட்பது என்று முகம் பார்த்துக்கொண்டிருக்க முடியாதே.

ஆனால் பட்டி தடிக்கத் தடிக்க ஆள் நெருப்பிலிருந்து தள்ளிப் போகிறார். இதை உங்கள் மகனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். இங்கே சம்பவ இடத்துக் கட்டளைப் பயிற்சியில் நான்கு நிலைகள். முதல் நிலையில் இருப்பவர் வீட்டு வாசலில் நின்று "உள்ளே போ" என்பார். நான்காவது நிலையில் இருப்பவர் பல மைல் தள்ளி ஒரு அறையில், போலீஸ், ஆம்புலன்ஸ், நகரசபை ஆட்களோடு மேசையில் இருப்பார். கோல்ட் கமாண்ட் என்பது அதைத்தான்.

ஸ்டேஷன் மேனேஜர் பதவிக்கான முதல் நேர்முகப் பரீட்சையில் நான் தோற்றேன். என் எல்லைக்குள் இருந்த ஹைட்ரன்ட், அதாவது தீயணைப்புக்குத் தண்ணீர் எடுக்கும் தெருக் குழாய், அத்தனையும் எனக்கு மனப்பாடம். எந்தத் தெருவில் தண்ணீர் அழுத்தம் குறைவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அவர்கள் கேட்டது: "உங்கள் எல்லைக்குள் தனியாக வாழும் முதியவர்கள் எத்தனை பேர்? அதில் எத்தனை வீட்டில் புகை அலாரம் வேலை செய்கிறது?" வாயடைத்துப்போய் இருந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், இது சமூக சேவகர் வேலை என்று கத்தினேன். இரண்டாம் முறை போகும்போது அந்தக் கணக்கு கையில் இருந்தது.

அந்த மன்றத்தின் தலைவர் என்றால், எல்லா சீஃபுகளுக்கும் மேலான சீஃபா?
— வாசகர், ஹாரோ

இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

இங்கிலாந்தில் 44 தீயணைப்புப் பிரிவுகள், வேல்ஸில் மூன்று. ஸ்காட்லாந்து 2013இல் தன் எட்டையும் ஒன்றாக்கிவிட்டது. வட அயர்லாந்தில் ஒன்று. ஒவ்வொரு சீஃபுக்கும் முதலாளி வேறு: ஒருவருக்குக் கவுண்டி கவுன்சில், ஒருவருக்குத் தீயணைப்பு ஆணையம், இன்னொருவருக்கு மேயர். இவர்கள் எல்லாரும் சேர்ந்து உட்காரும் இடம்தான் தேசியத் தலைமைத் தீயணைப்பு அதிகாரிகள் மன்றம். சுருக்கமாக என்.எஃப்.சி.சி. பழைய தலைமை அதிகாரிகள் சங்கத்தின் இடத்தில் 2017 ஏப்ரலில் வந்தது. அதன் தலைவர் எந்த சீஃபுக்கும் கட்டளை போட முடியாது. ஒரு பம்ப் வண்டியைக்கூட ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனுக்கு நகர்த்த முடியாது.

இருபது வருடம் "நான் சொல்கிறேன், நீ செய்" என்று வாழ்ந்த ஆட்களை, "நான் சொல்கிறேன், நீங்கள் யோசித்துப் பாருங்கள்" என்று சொல்லும் நாற்காலியில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? கட்டளை போடக் கையில் ரேடியோ இல்லை. வாய் மட்டும்தான்.

எங்கள் சீஃபோடு நான் போன தேசியக் கூட்டம் ஒன்று. நான் பின்வரிசையில், மடியில் நோட்டுப் புத்தகம். பேச்சு எதைப் பற்றி என்றால், எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான நடைமுறை வழிகாட்டியில் ஒரு பந்தி. முந்தி ஒவ்வொரு பிரிவும் தனக்கென்று தனித்தனியாக எழுதி வைத்திருந்தது. எல்லை தாண்டி உதவிக்குப் போனால் ஆளுக்கொரு பாஷை. அதைப் பொதுவாக்கும் வேலை. அந்தப் பந்தியின் கடைசி வரி "செய்ய வேண்டும்" என்று முடிவதா, "செய்வது நல்லது" என்று முடிவதா? இரண்டு மணி நேரம் போனது. பெரிய நகரத்துச் சீஃபுக்கு "வேண்டும்" என்றால் கஷ்டமில்லை, ஆள்பலம் இருக்கிறது. கிராமப்புறத்துச் சீஃபிடம் இருப்பவர்களில் பாதிப்பேர் பேஜர் அடித்தால் கடையையோ பண்ணையையோ விட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள். அவரால் முடியாததை "வேண்டும்" என்று எழுதினால், நாளைக்கு நீதிமன்றத்தில் நிற்பது அவர்தான். தேநீர் ஆறி ஏடு கட்டியது. எங்கள் சீஃப் "வேண்டும்" பக்கம் நின்று, கடைசியில் விட்டுக்கொடுத்தார். திரும்பி வரும்போது காரில் ஒரு வார்த்தை பேசவில்லை.

மன்றத்தில் ஒருவர் எப்படி மேலே வருகிறார் என்று கேட்டால், யாருக்கும் வேண்டாத வேலையைக் கையில் எடுப்பதுதான் வழி என்பேன். ஒருவர் நாடு முழுவதுக்கும் காட்டுத்தீ விஷயத்தைப் பார்ப்பார், ஒருவர் நீரில் மூழ்குவதைத் தடுக்கும் வேலையை, ஒருவர் லித்தியம் பற்றரி தீப்பிடிப்பதை. தன் பிரிவு வேலைக்கு மேலே இது. அதைச் சரியாகச் செய்தவரின் பெயர்தான் பிறகு அடிபடும்.

முதல் தலைவர் ராய் வில்ஷர். அவர் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் சீஃபாக இருந்தபோதுதான், 2005 டிசம்பர் 11, ஞாயிறு விடிய 6 மணிக்கு பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கு வெடித்தது. நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம், உயிரிழப்பு ஒன்றுமில்லை. அந்த நெருப்புக்குத் தேவையான நுரையும் பம்ப்புகளும் ஒரு பிரிவிடம் இருக்கக் கூடிய அளவல்ல. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்தன. அயல் பிரிவுகளிடம் கேட்டு வாங்கத் தெரிந்தவர் மன்றத்துக்கு முதல் தலைவரானது பொருத்தம்தான் என்பது என் எண்ணம். 2021இல் பதவி முடிந்ததும் அவர் அரசுத் தீயணைப்பு ஆய்வாளராகப் போனார். நேற்றுவரை கூட இருந்து தேநீர் குடித்தவர்களுக்கு இன்று மதிப்பெண் போடும் வேலை. அவருக்குப் பின் சஃபோக்கின் மார்க் ஹார்டிங்காம், 2025 முதல் மெர்சிசைடின் ஃபில் கேரிகன்.

சீஃபுக்கு எவ்வளவு சம்பளம்?
— பெயர் வேண்டாம் என்றவர், குரோய்டன்

பிரிவுக்குப் பிரிவு மாறும். 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி மேலதிகாரிகளின் சம்பளக் கொள்கையை வெளியிட்டே ஆக வேண்டும் என்பதால், உங்கள் கவுண்டியின் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். என்னுடையதைக் கேட்காதீர்கள்.

பெண்கள் சீஃப் ஆகியிருக்கிறார்களா? என் பேத்தி கேட்கச் சொன்னாள்.
— வாசகர், லெஸ்டர்

ஆகியிருக்கிறார்கள். பேத்திக்கு இரண்டு பேரைச் சொல்லுங்கள்.

டேனி காட்டன் 1988இல், 18 வயதில் லண்டன் படையில் சேர்ந்தார். சேர்ந்து சில மாதத்தில் கிளாபம் ரயில் விபத்து, 35 பேர் இறந்தார்கள். புதுப் பிள்ளை, அங்கே நின்றார். 2017 ஜனவரியில் லண்டனின் முதல் பெண் தீயணைப்பு ஆணையரானார் (லண்டனில் சீஃபுக்கு அந்தப் பெயர்). அவரைப் பற்றிக் கீழே இன்னொரு கேள்வி இருக்கிறது.

மற்றவர் சப்ரினா கோஹன்-ஹட்டன். பதினைந்து வயதில் வீடில்லாமல் தெருவில் படுத்து, வீடற்றவர்கள் தெருவில் விற்கும் பிக் இஷ்யூ பத்திரிகை விற்றவர். 18 வயதில் சவுத் வேல்ஸ் படையில் சேர்ந்தார். ஒருநாள் ஒரு சம்பவத்துக்கு வண்டியில் போய்க்கொண்டிருக்கிறார். தீயணைப்பு வீரர் ஒருவருக்கு மோசமான தீக்காயம் என்று தகவல் வருகிறது. சப்ரினா மணக்கவிருந்தவரும் அங்கேதான் வேலையில் இருக்கிறார். அவராக இருக்கலாம். போய்ப் பார்த்தால் அவரில்லை, வேறொரு சக வீரர். ஒரு நிமிடம் வந்த நிம்மதி, பிறகு குற்ற உணர்வாக மாறி அவரை விடவில்லை. நெருக்கடியில் தளபதி எப்படி முடிவெடுக்கிறார் என்று கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். ஹெல்மெட்டில் கேமரா பூட்டி, உண்மைச் சம்பவங்களில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். பழக்கத்தில் ஊறிய அதிகாரி நிலைமையைப் பார்த்த கையோடு செயலுக்குத் தாவிவிடுகிறார், நடுவில் திட்டமிடுவது குறைவு என்று தெரிந்தது. அதற்காக வந்ததுதான் மூன்று கேள்விகள்: இதை ஏன் செய்கிறேன்? செய்தால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன்? கிடைக்கும் பலன் ஆபத்துக்கு ஈடாகுமா? தேசிய வழிகாட்டிக்குள்ளும் அது போயிற்று. அந்தக் கேள்விகள் அச்சடித்த அட்டை ஒன்று என் ஜாக்கெட் பையில் கடைசி நாள் வரைக்கும் இருந்தது. 2019இல் அவர் வெஸ்ட் சசெக்ஸுக்கு சீஃபானார், முப்பதுகளின் நடுவில்.

கிரென்ஃபெல் தீ ஒருவரின் பதவியைப் பறித்தது, இன்னொருவரை மேலே கொண்டுபோனது என்கிறார்கள். இது நியாயமா?
— வாசகர், வெம்பிளி

72 உயிர் போன இடத்தில் பதவியைப் பற்றிப் பேசுவதே சங்கடம். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள்.

லண்டனில் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் கோபுரம். 2017 ஜூன் 14, நள்ளிரவுக்குப் பின் 12.54க்கு முதல் அழைப்பு. அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டில் பிடித்த தீ அந்த வீட்டோடு நிற்கும் என்பதுதான் கணக்கு. அதனால்தான் "உள்ளேயே இருங்கள்" என்ற அறிவுரை. வெளிச்சுவரில் பதித்த பலகைகள் தீயைக் கோபுரம் முழுவதும் கொண்டுபோயின. அந்தக் குற்றம் தீயணைப்பு வீரர்களுடையது அல்ல. ஆனால் அறிவுரையை மாற்றத் தாமதமானது. லண்டன் படையின் மேலதிகாரி ஆண்டி ரோ வந்து பொறுப்பை எடுத்தார், 2.47க்கு அதை ரத்து செய்தார். புத்தகத்தில் இல்லாத முடிவு. எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும் என்று எனக்குத் தெரியாது, எனக்கு வந்திருக்குமா என்றும் தெரியாது.

டேனி காட்டனும் அன்றிரவு அங்கே நின்றார். பின்னர் விசாரணையில், அன்றைக்குச் செய்ததில் எதையும் மாற்ற மாட்டேன் என்ற பொருளில் பேசினார். தன் ஆட்களைக் காக்க நினைத்தார் என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். 2019 அக்டோபர் அறிக்கை அந்தப் பேச்சைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த வருட முடிவில் அவர் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். 2020 ஜனவரியில் ரோ ஆணையரானார். நியாயமா என்றால், சீஃபின் வேலை நெருப்பு அணைந்ததும் முடிவதில்லை. பல மாதம் கழித்து, மைக் முன்னால், வழக்கறிஞர் கேட்கும் கேள்விக்கு என்ன சொல்கிறார் என்பதும் அந்த வேலையில் சேர்த்தி. முப்பது வருடத்தில் எனக்கு யாரும் அதற்குப் பயிற்சி தரவில்லை.

நம் ஆட்கள் ஏன் இந்த வேலைக்கு அவ்வளவாகப் போவதில்லை? இனவெறிதானே காரணம்?
— வாசகர், சட்டன்

அதுவும் காரணம். 2022 நவம்பரில் முன்னாள் அரசு வழக்கறிஞர் நசீர் அஃப்சல் லண்டன் படை பற்றிக் கொடுத்த அறிக்கை, இனவெறியும் பெண்வெறுப்பும் அங்கே நிறுவனத்துக்குள்ளேயே ஊறியிருப்பதாகச் சொன்னது. ரோ மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். நான் கண்டதும் இருக்கிறது, இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் நம் வீட்டுக்குள்ளேயும் கொஞ்சம் பாருங்கள். எனக்கு வேலை கிடைத்த செய்தியை அம்மா ஆறு மாதம் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "கவுன்சிலில் உத்தியோகம்" என்று சொல்லி வைத்திருந்தா. பொய்யில்லைதானே என்பா.

இந்தப் பதில்களை அனுப்புவதற்கு முன்னால், கூட்டத்தைப் பற்றி எழுதலாமா என்று என் பழைய சீஃபுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். இப்போது காய்கறித் தோட்டம் போடுகிறார். பெயர் போடாவிட்டால் சரி என்றார். வைக்கப்போகும் நேரத்தில், "அந்தப் பந்தி… 'வேண்டும்' என்றே விட்டிருக்கலாம்" என்றார். பன்னிரண்டு வருடமாகிறது.