காமா கதிரைத் தரையிலிருந்து பிடிப்பது எப்படி, கொழும்பில் இருந்து அதைப் படித்து என்ன பயன்?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. வளிமண்டலம் காமா கதிரை மறித்துவிடும் என்றால் தரையில் தொலைநோக்கி வைத்து அதை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பது ஒன்று. கொழும்பில் இருந்துகொண்டு இதைப் படித்து என்ன பயன் என்பது மற்றது. இரண்டாவதுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் உயர்தரம் கணிதப் பிரிவு, 'பரீட்சைக்கு வராது, விடு' என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

1998ல் நான் உயர்தரம். பாடசாலைக் கண்காட்சிக்கு முகில் அறை ஒன்று செய்தேன், கண்ணுக்குத் தெரியாத துகள் போகும் பாதையை மூட்டத்தில் கோடாகக் காட்டும் பெட்டி அது. பழைய மீன்தொட்டியைக் கவிழ்த்து, உள்ளே மேல்பக்கம் மதுசாரத்தில் நனைத்த கம்பளித் துணியை ஒட்டி, கீழே கறுப்புத் தகடு, அதற்கும் கீழே உலர் பனிக்கட்டி. மீன் ஏற்றுமதி செய்கிற இடத்தில் வேலை செய்த மாமா ஒருவர் பனிக்கட்டியை ரிஜிபோம் பெட்டியில் கட்டித் தந்தார், வெள்ளவத்தை வீடுவரைக்கும் ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மின்விசிறியை நிறுத்தி, விளக்கை அணைத்து, பக்கவாட்டில் டோர்ச் அடித்தபடி நானும் அம்மாவும் வியர்க்க வியர்க்கக் காத்திருந்தோம். முதலில் வெறும் தூறல் மாதிரி ஒரு மூட்டம். கால் மணி நேரம் கழிய, தகட்டுக்குச் சற்று மேலே வெள்ளை நூல் இழுத்தது போல ஒரு கோடு. இரண்டு விநாடியில் கலைந்துவிட்டது. பிறகு இன்னொன்று.

அம்மா கேட்டது இதுதான்: "எங்கேயிருந்து வருது பிள்ளை?" மேலேயிருந்து என்றேன். "மேலே எந்தப் பக்கம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

சரி, அந்தக் கோடு என்ன? விண்வெளியிலிருந்து வரும் புரோத்தன் ஒன்று பதினைந்து கிலோமீற்றர் உயரத்தில் காற்றை மோதி உடைக்கும்போது பிறக்கும் மியூவான் என்ற துகள் விட்ட தடம். கடல் மட்டத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று விழுகிறது. கையை நீட்டினால் விநாடிக்கு ஒன்றாவது உள்ளங்கையைத் துளைத்துப் போகும், வெள்ளவத்தையிலும்தான். (தொட்டியில் தெரியும் எல்லாக் கோடும் மியூவான் இல்லை, தடித்துக் குட்டையாக வருவது காற்றிலுள்ள ரேடன் என்ற கதிர்வீச்சு வாயுவின் வேலை. தெரிந்தவர்கள் திருத்த வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.) இந்தக் கதிர் மேலேயிருந்துதான் வருகிறது என்று 1912ல் பலூனில் 5,300 மீற்றர் வரை ஏறி அளந்து காட்டியவர் விக்டர் ஹெஸ். ஆனால் எந்தப் பக்கம்? புரோத்தனுக்கு மின்னேற்றம் உண்டு, பால்வீதியின் காந்தப்புலம் அதை வழி நெடுக வளைத்துவிடுகிறது. புறக்கோட்டைச் சந்துகளுக்குள் நாலு தரம் திரும்பி வெளியே வந்த ஆளைப் பார்த்து அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று சொல்ல முடியுமா? அதே கதைதான்.

காமா கதிரும் ஒளி வகைதான், அதற்கு ஏற்றம் இல்லை, நேரே வரும். புரோத்தன்கள் முடுக்கப்படும் இடத்திலேயே காமாவும் பிறப்பதால் அதைப் பின்தொடரலாம். நாம் காணும் ஒளியின் ஒரு துகளுக்கு, அதாவது போட்டனுக்கு, இரண்டு மூன்று இலத்திரன்வோல்ட் சக்தி, தரையில் பிடிக்கும் இந்தக் காமாவுக்கோ ஓர் இலட்சம் கோடி அளவில். காற்றில் நுழைந்ததும் இலத்திரனும் அதற்கு எதிர் ஏற்றமுள்ள பொசித்திரனுமாகப் பிரிந்து, அவை மீண்டும் காமாவைக் கக்கி, அது மறுபடி பிரிந்து, ஒரு பொழிவாக இறங்கும். அந்தத் துகள்கள் காற்றுக்குள் ஒளி போகும் வேகத்தைவிட வேகமாகப் போவதால் செரன்கோவ் ஒளி என்ற நீலப் பளிச்சிடல் உண்டாகிறது. சில நனோசெக்கன்தான் இருக்கும், ஆனால் தரையில் இருநூறு மீற்றருக்கு மேல் அகலத்துக்குப் பரவும். பெரிய ஆடியும் வேகமான கமராவும் இருந்தால் பிடித்துவிடலாம். அதாவது நீங்கள் தடை என்று நினைத்த வளிமண்டலம்தான் இங்கே கருவியே. புரோத்தன் பொழிவுகள் ஆயிரம் மடங்கு கூட வரும், ஆனால் அவற்றின் படம் சிதறலாக இருக்கும், காமாவுடையது ஒழுங்கான நீள்வட்டம். இப்படிப் பிரித்துத்தான் 1989ல் அரிசோனாவில் 10 மீற்றர் விப்பிள் தொலைநோக்கி, வெடித்த விண்மீன் ஒன்றின் எச்சமான நண்டு நெபுலாவைக் கண்டது. நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் 2004ல் விருச்சிகத்துப் பக்கம் அப்படி வெடித்த இன்னொன்றின் (சுப்பர்நோவா) எச்சத்தை, அதன் ஓடு போன்ற வடிவத்தோடேயே படமாகக் காட்டின. 2021ல் சீனாவின் லாசோ ஆய்வகம் 1,400 டெரா இலத்திரன்வோல்ட் வரை பார்த்தது, ஒரு டெரா என்றால் ஓர் இலட்சம் கோடி. ஆனாலும் காமாவை இலத்திரன்களும் உண்டாக்கும், அதனால் புரோத்தனின் பிறப்பிடம் இதுதான் என்று அடித்துச் சொல்வது இலகு இல்லை. 2013ல் பெர்மி செய்மதி இரண்டு எச்சங்களில் புரோத்தனுக்கே உரிய அடையாளத்தைக் கண்டது, மிகவும் உச்ச சக்திக் கதிர்களின் ஊர் இன்னும் பிடிபடவில்லை.

கண்காட்சியில் நடுவராக வந்தவர் தொட்டிக்குள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "இது பாடத்திட்டத்தில் எங்கே இருக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் வலிக்கிறது. ரியூஷனில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன், பாஸ்ட் பேப்பர் செய்விக்கிறேன், அதைக் குறை சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு கம்பஸ் கிடைக்க வேண்டும். ஆனால் பார்க்கக் கிடைத்ததைப் பார்க்காமல் போவதை என்னால் பொறுக்க முடியாது.

2022 ஏப்ரல் மின்வெட்டில் காலி வீதி முழுக்க இருண்டுபோன ஓர் இரவு, அம்மாவைக் கைபிடித்துத் தொடர்மாடியின் மேல்தளத்துக்குக் கூட்டிப்போனேன். கடல் பக்கம் கார்த்திகையையும் ரோகிணியையும் அவரே காட்டினார். ரோகிணிக்கு மேலே, ரிஷபத்தின் கொம்பு நுனியருகே, கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தை நான் காட்டி, நண்டு நெபுலா அங்கேதான், முதலில் பிடித்த காமா அந்தப் பக்கத்திலிருந்துதான் என்றேன். "அப்ப அந்தக் கோடும் அங்கேயிருந்தோ?" என்றார். தொட்டியை அவர் மறக்கவேயில்லை. அது தெரியாது அம்மா, அது வளைந்து வந்தது என்றேன்.

அந்த மேல்தளத்தை இப்போது பூட்டு போட்டு வைத்திருக்கிறார்கள். யாரோ தண்ணீர்த் தாங்கிப் பக்கம் துணி காயப்போட்டார்களாம், அதற்கு எல்லாருக்கும் தண்டனை. மாதா மாதம் பராமரிப்புக் காசு மட்டும் தவறாமல் வாங்குகிறார்கள். மூன்று கடிதம் கொடுத்தாயிற்று, பதில் இல்லை.

உங்களுக்கு வானம் தேவையில்லை, தொட்டி போதும். உலர் பனிக்கட்டியை வெறுங்கையால் தொட வேண்டாம், தடித்த கையுறை போடுங்கள், யன்னலைத் திறந்து வையுங்கள், மதுசாரத்துக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது. முதல் கால் மணி நேரம் ஒன்றும் தெரியாது. எழும்பிவிடாதீர்கள்.