மூடி வைத்து எழுதிப் பார்

கேள்வி: பி.எஸ்ஸி. வேதியியல் முதலாண்டு, பள்ளியில் தமிழ் வழி. பாடத்தை நாலு தடவை படித்து, ஹைலைட்டரில் கோடு போட்டும் பரீட்சை ஹாலில் மறந்துபோகிறது. என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கோடு போட்ட பக்கத்தைத் திரும்பப் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும்மா. அதை நம்பாதே. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்களின் 2006 ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவிருந்தது. ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

எஸ்என்2 வினையை எடுத்துக்கொள்; கார்பனோடு ஒட்டியிருக்கும் ஒன்றை வெளியேற்றி இன்னொன்று அந்த இடத்தைப் பிடிக்கும் வேதிவினை அது. ஒருமுறை படி, புத்தகத்தை மூடு. ஹைட்ராக்சைடு எந்தப் பக்கமிருந்து கார்பனைத் தாக்குகிறது, புரோமின் எப்படிக் கழல்கிறது என்று பழைய தாளில் அம்புக்குறியோடு வரை. பிறகு திறந்து பார்த்து, விட்டதைச் சிவப்பு மையில் எழுது. மறுநாள் அந்தச் சிவப்பிலிருந்து தொடங்கு. ஒரு வாரம் கழித்து முழுசாக வரை.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதே. வினையை முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல். அது பிடிபட்டபின் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி, உன் பேராசிரியரிடமே திருத்தி வாங்கு. கேட்டு வரும் பிள்ளைகளை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.